தம்பியின் சம்பளச் சீட்டில் ஒரு 600 ரூபாய்

குடியாத்தத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர் அடையாளங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவர் எம்.காம். முடித்தவர். அப்பாவுக்கு லுங்கி நெசவு, அம்மா பீடி சுற்றுகிறார். தம்பிக்கு 21 வயது, ஐ.டி.ஐ. ஃபிட்டர் படிப்பு. ஏழு மாதத்துக்கு முன் வேலூரில் உள்ள ஒரு கன்சல்டன்சி, ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் "நேரடி கம்பெனி வேலை, மாதம் 18,500" என்று வாட்ஸ்அப்பில் போட்டிருந்தது. சர்வீஸ் சார்ஜ் என்று 8,000 ரூபாயை கூகுள் பே மூலம் அனுப்பினார்கள். அசல் ஐ.டி.ஐ. சான்றிதழையும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டையும் "வெரிஃபிகேஷனுக்கு" என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஒரு பாண்டுப் பத்திரத்திலும் கையெழுத்து வாங்கினார்கள். வேலை கிடைத்தது. ஆனால் நியமனக் கடிதத்தில் இருந்தது தொழிற்சாலையின் பெயர் இல்லை, கன்சல்டன்சியின் பெயர். மாதம் கைக்கு வருவது 12,737 ரூபாய். இப்போது சான்றிதழைக் கேட்டால், "இரண்டு வருடம் முடியட்டும், இல்லையென்றால் 50,000 கட்டு" என்கிறார்களாம்.

இதற்கிடையே அதே கன்சல்டன்சி, ராணிப்பேட்டையில் ஒரு நிறுவனத்தில் அக்கவுண்ட்ஸ் வேலை இருப்பதாக இவரையும் கூப்பிட்டிருக்கிறது. முதல் மாதச் சம்பளத்தை முன்கூட்டியே கட்ட வேண்டுமாம்.

அவருடைய கேள்விகள் மூன்று. நாங்கள் ஏமாந்துவிட்டோமா, போலீசுக்குப் போகலாமா? 240 நாள் முடிந்தால் தம்பி பர்மனென்ட் ஆகிவிடுவான் என்கிறார்களே, அதுவரை பொறுத்துக்கொள்ளட்டுமா? நான் பணம் கட்டி அந்த வேலையில் சேரலாமா?

அன்புள்ள சகோதரி, தம்பியின் சம்பளச் சீட்டையும் நியமனக் கடிதத்தையும் படம் எடுத்து அனுப்பியது மிகவும் உதவியாக இருந்தது. ஓரிடத்தில் உங்கள் கோபம் முழுக்க நியாயம். இன்னோரிடத்தில் நீங்கள் நினைப்பது சரியில்லை. இரண்டையும் சொல்கிறேன்.

கன்சல்டன்சிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது

ஒரு தொழிற்சாலைக்குப் புதிய உற்பத்தி லைன் ஓட்ட அறுபது ஆள் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு பேரையும் தானே தேடிப் பிடிக்காமல் வெண்டர் என்று சொல்லப்படும் ஏஜென்சிக்கு, அதாவது இந்தக் கன்சல்டன்சி போன்ற இடத்துக்கு, அந்தத் தேவையை அனுப்புகிறது. ஏஜென்சியின் ஆட்கள் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் வாசல்களுக்குப் போகிறார்கள், ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் போடுகிறார்கள், ஏற்கெனவே வேலை செய்யும் பையனிடம் "உங்க ஊர்ல இன்னும் யாராச்சும் இருக்காங்களா" என்று கேட்கிறார்கள். வருகிறவர்களின் வயது, சான்றிதழ், உடல்தகுதி பார்த்து, கம்பெனியின் எச்.ஆர். முன்னால் நிறுத்துகிறார்கள். தேர்வானவர்கள் ஏஜென்சியின் பேரோலில், அதாவது சம்பளப் பட்டியலில், ஏறுகிறார்கள். வேலை செய்யும் இடம் தொழிற்சாலை, முதலாளி ஏஜென்சி. ஒப்பந்ததாரர் மூலம் ஆளெடுப்பது என்பதே சட்டவிரோதம் இல்லை. நியமனக் கடிதத்தில் வேறு பெயர் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக இது மோசடி ஆகிவிடாது.

இந்த ஏற்பாட்டில் ஏஜென்சிக்குக் கூலி கொடுப்பது தொழிற்சாலை. ஒவ்வொரு தொழிலாளியின் சம்பளத்துக்கும் மேல் ஒரு சதவீதமோ, தலைக்கு இவ்வளவு என்றோ சர்வீஸ் சார்ஜ் போட்டு, அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்த்து மாதாமாதம் கம்பெனிக்கு பில் அனுப்புகிறார்கள். உங்கள் தம்பியைச் சேர்த்துவிட்டதற்கான பணம் அவர்களுக்கு ஏற்கெனவே வந்துகொண்டிருக்கிறது. அதே வேலைக்கு உங்கள் வீட்டிலிருந்தும் 8,000 வாங்கியிருக்கிறார்கள் என்றால், ஒரு வேலைக்கு இரண்டு பக்கமும் கூலி வாங்குகிறார்கள்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் ஒன்று, தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணி நிலைமைகள் பற்றிய 2020-ம் ஆண்டுத் தொகுப்பு. 50 அல்லது அதற்கு மேற்பட்ட ஒப்பந்தத் தொழிலாளர்களை வைத்திருக்கும் ஒப்பந்ததாரருக்கு அதிலுள்ள ஒப்பந்தத் தொழிலாளர் விதிகள் பொருந்தும். அப்படிப்பட்டவர் உரிமம் எடுக்க வேண்டும். தொழிலாளியிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ எந்தக் கட்டணமும் கமிஷனும் வாங்கக் கூடாது என்று அது வெளிப்படையாகவே சொல்கிறது. ஆகவே முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இந்தக் கன்சல்டன்சி எத்தனை பேரை வைத்திருக்கிறது, உரிமம் இருக்கிறதா என்பது. ஒரகடத்துக்கு ஆள் அனுப்பும் இடத்தில் ஐம்பது பேர் இல்லாமல் இருப்பது அபூர்வம்.

18,500 எங்கே போனது

"மாதம் ஆறாயிரம் ரூபாயைத் திருடுகிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். சம்பளச் சீட்டை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

சீட்டில் மொத்தச் சம்பளம் 16,400. அதில் அடிப்படையும் பஞ்சப்படியும் 12,000. அந்த 12,000-க்கு முதலாளி கட்ட வேண்டிய பி.எஃப்., அதாவது வருங்கால வைப்பு நிதி, 12 சதவீதம், அதோடு காப்பீடு, நிர்வாகச் செலவு என்று ஒரு சதவீதம், ஆக 1,560. தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.க்கு முதலாளி பங்கு மொத்தச் சம்பளத்தில் 3.25 சதவீதம், 533. எல்லாம் கூட்டினால் 18,493. அவர்கள் விளம்பரத்தில் போட்ட 18,500 இதுதான். கம்பெனி மொழியில் இதை சி.டி.சி. என்பார்கள், அதாவது ஒரு தொழிலாளியால் முதலாளிக்கு ஆகும் மொத்தச் செலவு. அது ஒருபோதும் முழுதாகக் கைக்கு வராது. விளம்பரத்தில் இதைச் சொல்லாமல் விட்டது நேர்மையில்லாத காரியம்தான், ஆனால் திருட்டு இல்லை.

இனி பிடித்தங்கள். தம்பியின் பங்கு பி.எஃப். 12 சதவீதம், 1,440. இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், 123. இரண்டும் சட்டப்படி பிடிக்க வேண்டியவை, இரண்டும் தம்பியின் நன்மைக்கே வருபவை. தங்கும் அறைக்கு 1,500 பிடிக்கிறார்கள். உண்மையிலேயே ஹாஸ்டல் கொடுத்து, தம்பி அதை ஏற்றுக்கொண்டிருந்தால் அதையும் பிடிக்கலாம். மிச்சம் இருப்பது "எஸ்.சி." என்று இரண்டே எழுத்தில் போட்டிருக்கும் 600. தம்பியிடம் கேட்டதற்கு சர்வீஸ் சார்ஜ் என்று சொன்னார்கள் என்கிறீர்கள்.

இந்த 600-ஐத்தான் நாம் கேள்வி கேட்க வேண்டும். சம்பளத்தில் எதையெல்லாம் பிடிக்கலாம் என்பதற்குச் சட்டத்தில் பட்டியல் இருக்கிறது, அந்தப் பட்டியலில் ஏஜென்சியின் சர்வீஸ் சார்ஜ் கிடையாது. புதிய ஊதியத் தொகுப்பிலும் இல்லை, அதற்கு முன்பிருந்த 1936-ம் ஆண்டு ஊதியச் சட்டத்திலும் இருந்ததில்லை. ஏழு மாதத்துக்கு 4,200. முன்னால் கட்டிய 8,000-த்தோடு சேர்த்து 12,200 ரூபாய். உங்கள் கோரிக்கை இந்தத் தொகையாக இருக்கட்டும். மாதம் ஆறாயிரம் என்று புகாரில் எழுதினால், அதிகாரி முதல் பக்கத்திலேயே உங்களுக்கு சி.டி.சி. பாடம் நடத்திவிட்டு மனுவை ஓரமாக வைத்துவிடுவார்.

இன்னொன்றையும் உடனே பார்க்கச் சொல்லுங்கள். சீட்டில் பி.எஃப். பிடித்ததாக இருந்தால் மட்டும் போதாது, கணக்கில் ஏறியிருக்க வேண்டும். மத்திய அரசின் உமங் செயலியில் தம்பியின் யு.ஏ.என். எனும் பி.எஃப். கணக்கு எண்ணைப் போட்டு பாஸ்புக்கைத் திறந்தால் ஏழு மாதமும் வரிசையாகத் தெரிய வேண்டும். இடையில் மாதங்கள் காணவில்லை என்றால் விஷயம் இன்னும் பெரிது, அதற்கு வேலூரில் உள்ள பி.எஃப். அலுவலகத்தையே அணுகலாம். இ.எஸ்.ஐ.யில் தம்பியைச் சார்ந்திருக்கும் பெற்றோரையும் வருமான வரம்புக்கு உட்பட்டுச் சேர்க்க முடியும். அம்மாவுக்கு இருமல் நிற்கவில்லை என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்களே, அதனால் சொல்கிறேன்.

240 நாள் என்ற நம்பிக்கை

என்னிடம் வரும் பத்துப் பேரில் எட்டுப் பேர் இந்த எண்ணைச் சொல்கிறார்கள். ஒரு வருடத்தில் 240 நாள் வேலை செய்தால் அது தொடர்ச்சியான ஓராண்டுப் பணியாகக் கணக்காகும். ஆட்குறைப்பு செய்தால் முன்னறிவிப்பு, இழப்பீடு போன்ற உரிமைகள் அதிலிருந்து வரும். அதனால் யாரும் தானாக நிரந்தரம் ஆவதில்லை.

நிரந்தரம் பற்றிப் பேசுவது தமிழ்நாட்டுக்கென்றே இருக்கும் 1981-ம் ஆண்டுச் சட்டம். 24 மாதத்துக்குள் 480 நாள் வேலை செய்த தொழிலாளிக்கு நிரந்தர அந்தஸ்து தர வேண்டும் என்கிறது அது. ஆனால் உங்கள் தம்பி விஷயத்தில் யாரிடம் நிரந்தரம் என்ற கேள்வி எழும். ஏட்டில் அவருடைய முதலாளி கன்சல்டன்சி. ஒப்பந்தத் தொழிலாளி தானாகவே தொழிற்சாலையின் ஆளாக மாறிவிட மாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2001-ல் ஸ்டீல் அதாரிட்டி வழக்கில் சொல்லிவிட்டது. அதே தீர்ப்பு ஒரு வாசலைத் திறந்தும் வைத்திருக்கிறது. ஒப்பந்தம் வெறும் பெயருக்கு என்று, அதாவது வேலை வாங்குவது, ஷிப்ட் போடுவது, லீவு தருவது, தண்டிப்பது எல்லாமே தொழிற்சாலைதான் என்று நிரூபித்தால் அவர் தொழிற்சாலையின் தொழிலாளியாகவே கருதப்படலாம். அது வருடக்கணக்கில் நடக்கும் வழக்கு. பெரும்பாலும் தொழிற்சங்கம் கூட நின்றால்தான் தாங்க முடியும்.

ஆகவே "240 வரை பொறுத்துக்கொள்ளட்டும்" என்ற திட்டத்தை விட்டுவிடுங்கள். அந்த நாளில் எதுவும் மாறப்போவதில்லை. ஆனால் கேட் பாஸ், ஷிப்ட் அட்டவணை, சூப்பர்வைசர் அனுப்பும் செய்திகள் எல்லாவற்றையும் தம்பி சேர்த்து வைத்துக்கொண்டே போகட்டும். பிற்காலத்தில் தேவைப்படலாம்.

சான்றிதழும் பாண்டும்

எனக்கு மிகவும் வருத்தம் தந்த பகுதி இது. முன்பணம் வாங்கிவிட்டு அது கழியும்வரை வேறு இடத்துக்குப் போக முடியாமல் பீடி சுற்றிய தலைமுறையை உங்கள் ஊர்ப் பக்கம் நானே பார்த்திருக்கிறேன். இப்போது முன்பணம் இருந்த இடத்தில் சான்றிதழ் இருக்கிறது.

அசல் சான்றிதழைச் சரிபார்த்துவிட்டு அன்றைக்கே திருப்பித் தர வேண்டும். அதை அடமானமாக வைத்துக்கொள்ள எந்த முதலாளிக்கும் உரிமை இல்லை. நம்பி ஒப்படைத்த பொருளைத் தர மறுத்து, பணம் கட்டு என்று சொல்வது இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-வது பிரிவில் நம்பிக்கை மோசடியாகப் பார்க்கப்படக்கூடிய விஷயம்.

பாண்டைப் பற்றி "அதெல்லாம் செல்லாது" என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படி ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. 2025-ல் உச்ச நீதிமன்றம், குறிப்பிட்ட காலம் பணியில் இருக்காவிட்டால் இரண்டு லட்சம் கட்ட வேண்டும் என்ற ஒரு பொதுத்துறை வங்கியின் நிபந்தனையைச் செல்லும் என்றது. ஆனால் தேர்வு நடத்தி, செலவு செய்து ஆளெடுக்கும் வங்கியின் அதிகாரிக்கு அது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவுப்படி, பாண்டில் எவ்வளவு எழுதியிருந்தாலும் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். பயிற்சி எதுவும் தராமல், மூன்றாம் நாளே லைனில் நிறுத்திய பையன் போனால் 50,000 நஷ்டம் என்று எந்தக் கணக்கைக் காட்டுவார்கள்? தவிர, இது சிவில் விவகாரம். பாண்டை மீறியதற்காகப் போலீஸ் வீட்டுக்கு வராது. அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள், அவர் பயப்படுவது அதற்குத்தான் என்று தெரிகிறது.

எதை முதலில் செய்வது

வேலையை இன்றே விட்டுவிட வேண்டாம். தம்பிக்கு ஏழு மாத அனுபவம் இருக்கிறது, பி.எஃப். ஓடுகிறது. புகார் கொடுத்தால் ஏஜென்சி அவரை லைனிலிருந்து எடுத்துவிட்டு "வேறு இடம் வரும்வரை வீட்டில் இரு" என்று சொல்லும் ஆபத்து உண்டு. அதை மறைத்துவிட்டு உங்களைத் தைரியப்படுத்த எனக்கு விருப்பமில்லை. அதனால் வரிசை முக்கியம்.

முதலில் ஆதாரம். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், கூகுள் பே பதிவு, ஏழு சம்பளச் சீட்டுகள், நியமனக் கடிதம். பாண்டின் நகல் கையில் இல்லை என்றால் கேளுங்கள். அப்புறம் தம்பி கன்சல்டன்சிக்கு மரியாதையாக ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பட்டும்: இந்தத் தேதியில் கொடுத்த அசல் சான்றிதழ்கள் எனக்குத் தேவை, எப்போது வந்து வாங்கிக்கொள்ளலாம். "இரண்டு வருடம் கழித்து" என்று அவர்கள் பதில் போட்டால் அதைவிட நல்ல ஆதாரம் வேறில்லை. பதில் வராவிட்டால் அதையே கடிதமாக எழுதி ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் அனுப்புங்கள்.

அடுத்தது தொழிற்சாலையின் எச்.ஆர். பெரும்பாலோர் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். என் அனுபவத்தில் பாதி விவகாரங்கள் இங்கேயே முடிந்திருக்கின்றன. ஒப்பந்ததாரர் சம்பளம் தராவிட்டால் அதைத் தொழிற்சாலையே தர வேண்டிய பொறுப்பு சட்டத்தில் இருக்கிறது. அதோடு கார் கம்பெனிகளுக்குப் பாகம் செய்து கொடுக்கும் ஆலைகளுக்குத் தொழிலாளர் நடைமுறை பற்றிய தணிக்கைகள் வரும். தன் வெண்டர் தொழிலாளியிடம் பணம் வாங்குகிறான், சான்றிதழைப் பிடித்து வைத்திருக்கிறான் என்பது எழுத்தில் வந்தால் அந்த எச்.ஆர். சும்மா இருக்க மாட்டார். கோபமில்லாமல் ஒரு பக்க மெயில் போதும். தம்பியோடு அதே ஏஜென்சியில் சேர்ந்த இன்னும் நாலு பேர் கையெழுத்துப் போட்டால் தனியாளாகப் பழிவாங்குவதும் கடினம்.

அதிலும் நடக்கவில்லை என்றால் தொழிலாளர் துறை. ஒரகடம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருப்பதால் சம்பளப் பிடித்தம் பற்றிய மனு அந்த மாவட்டத்துக்குப் போக வேண்டும். வேலூரில் கொடுத்தால் திருப்பிவிடுவார்கள். ஊதியக் கோரிக்கைக்கு மூன்று வருட அவகாசம் இருக்கிறது, பதற வேண்டியதில்லை.

போலீஸ் கடைசியில். தம்பிக்கு வேலை கிடைத்து, சம்பளமும் வருவதால் "வேலை தருவதாக ஏமாற்றினார்கள்" என்ற புகார் பலவீனமாகத்தான் நிற்கும். "நேரடி கம்பெனி வேலை" என்று பொய் சொல்லிப் பணம் வாங்கியதற்கு பாரதிய நியாய சன்ஹிதாவில் ஏமாற்றுதல் பற்றிய 318-வது பிரிவைக் காட்டலாம், ஆனாலும் ஸ்டேஷனில் "இது சிவில் மேட்டர்மா" என்று அனுப்பிவிட வாய்ப்பு அதிகம். சான்றிதழைத் தர மறுப்பதை முன்னால் வைத்துப் புகார் எழுதினால் அது வலுவாக நிற்கும்.

உங்கள் வேலை

பணம் கட்டாதீர்கள். தம்பியின் வேலையில் ஏஜென்சியே முதலாளி. அக்கவுண்ட்ஸ், எச்.ஆர்., இன்ஜினியர் போன்ற வேலைகளுக்குப் பெரும்பாலும் ஏஜென்சி ஆளைத் தேடித் தருவதோடு விலகிவிடும், கம்பெனியே தன் ரோலில் எடுத்துக்கொள்ளும். அதற்குக் கம்பெனி ஒரே தடவையாகக் கட்டணம் தருகிறது. ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம் என்பது சாதாரணமாக வழங்கும் கணக்கு, அதாவது சரியாக ஒரு மாதச் சம்பளம். உங்களிடம் கேட்பதும் அதே ஒரு மாதச் சம்பளம்தான். கம்பெனியிடம் வாங்கும் தொகையை உங்களிடமும் வாங்கப் பார்க்கிறார்கள்.

சேர்ந்தவர் இரண்டு மூன்று மாதத்துக்குள் போய்விட்டால் ஏஜென்சி இலவசமாக வேறு ஆள் தர வேண்டும் என்று கம்பெனிகள் நிபந்தனை வைப்பது வழக்கம். அதனால் "எப்படியாவது மூணு மாசம் இருங்க" என்று அவர்கள் கெஞ்சினால் அது யாருடைய நலனுக்கு என்று யோசித்துக்கொள்ளுங்கள். கம்பெனியின் பெயரைச் சொல்லாமல் உங்கள் ரெஸ்யூமை அனுப்ப விடாதீர்கள். இரண்டு ஏஜென்சிகள் ஒரே கம்பெனிக்கு உங்கள் பெயரை அனுப்பிவிட்டால், யாருக்குக் கட்டணம் என்ற தகராறு வேண்டாம் என்று உங்களையே ஒதுக்கிவிடும் இடங்களும் உண்டு. ஆஃபர் லெட்டர் கம்பெனியின் சொந்த மெயிலிலிருந்து வர வேண்டும். சந்தேகம் இருந்தால் ராணிப்பேட்டை இங்கிருந்து எவ்வளவு தூரம், நேரில் போய் கேட்டில் விசாரித்துவிடுங்கள்.

ஒரு பைசா வாங்காத வழிகளும் இருக்கின்றன. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் நடத்தும் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களுக்கு ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்துத் தோல், காலணி நிறுவனங்கள் வருவதுண்டு, அவற்றுக்குக் கணக்குத் தெரிந்தவர்கள் தேவை. தமிழக அரசின் தனியார் துறை வேலைவாய்ப்பு இணையத்திலும் பதிவு செய்து வையுங்கள். பனப்பாக்கம் சிப்காட்டில் டாடா மோட்டார்ஸ் ஆலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டியதிலிருந்து அந்தப் பகுதி வேலைகளைப் பற்றிப் பேச்சு அதிகம். அந்தப் பெயரைச் சொல்லி "சீட் பிடித்துத் தருகிறேன்" என்று யாராவது பணம் கேட்டால் கதவைச் சாத்திவிடுங்கள்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்று முடித்திருக்கிறீர்கள். வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100 என்ற எண்ணை அழையுங்கள். பெண்களுக்கும் தொழிற்சாலைத் தொழிலாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தர வேண்டும் என்பது சட்டம். உங்களுக்கும் தம்பிக்கும் தனித்தனியாகவே அந்த உரிமை இருக்கிறது. போகும்போது அந்த ஏழு சம்பளச் சீட்டுகளையும் எடுத்துப் போய், "எஸ்.சி. 600" என்ற வரியை அடிக்கோடிட்டுக் காட்டுங்கள். எச்.ஆர்.க்கு மெயில் போன பிறகு வரும் சீட்டில் அந்த வரி இருக்கிறதா, இல்லையா என்று எனக்கு எழுதுங்கள்.